கம்பெனி கவிழ்ந்தது, கொல்லர் பட்டறை நின்றது

நேயர்கள் எல்லோருக்கும் என் அன்பான வணக்கம்.

1652ஆம் ஆண்டு. அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் குடியேறி வாழ்ந்த மாசசூசெட்ஸ் பகுதியில் எஸ்தர் என்ற இளம்பெண் மீது நீதிமன்றத்தில் ஒரு குற்றச்சாட்டு பதிவாகிறது. திருட்டும் இல்லை, அடிதடியும் இல்லை. உடையில் வெள்ளிச் சரிகை வைத்து உடுத்தினாள், அவ்வளவுதான். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே ஒரு சட்டம் வந்திருந்தது. 200 பவுண்டுக்குக் குறைவாகச் சொத்துள்ள குடும்பத்தினர் தங்கச் சரிகை, வெள்ளிச் சரிகை, பட்டு முக்காடு எதுவும் அணியக் கூடாது என்று. எஸ்தரின் கணவர் கொல்லர். மாமனாரும் கொல்லர். கரிப்புகை படிந்த வீட்டுப் பெண் சரிகை கட்டியது அந்தச் சட்டத்தின் கண்ணில் உறுத்தியது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், அந்தக் காலத்துக் கொல்லர் ஒருவரின் வீட்டுக்குள் நாம் எட்டிப்பார்க்க இப்படிப்பட்ட பதிவேடுகள்தான் வழி. கொல்லர்கள் நாட்குறிப்பு எழுதி வைக்கவில்லை. மனு கொடுத்தார்கள், அபராதம் கட்டினார்கள், நிலம் வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் செய்தார்கள். அவை ஒவ்வொன்றும் எங்கோ ஒரு வரியாகப் பதிந்திருக்கிறது. அந்த வரிகளைக் கோத்துப் பார்த்தால் எஸ்தரின் மாமனார் ஜோசப் ஜென்க்ஸ் நம் முன்னால் எழுந்து நிற்கிறார். இன்று நான் பேசப்போவது அவரையும் அவர் குடும்பத்தையும் பற்றித்தான்.

1599 ஆகஸ்டில் லண்டனின் பிளாக்ஃபிரையர்ஸ் பகுதித் தேவாலயத்தில் அவருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அப்பா ஜான், கத்தி செய்பவர். அம்மா சாரா, இன்னொரு கத்தி செய்பவரின் மகள். ஆக, இரண்டு பக்கமும் இரும்பும் எஃகும் புழங்கிய வீடு. ஜோசப்பும் அதே தொழிலுக்கு வந்தார், ஆனால் இன்னும் நுணுக்கமான பக்கத்துக்குப் போனார். லண்டனுக்கு மேற்கே ஹவுன்ஸ்லோ என்ற இடத்தில் முதலாம் சார்லஸ் மன்னர் காலத்தில் ஒரு வாள் பட்டறை நடந்தது. வாள் செய்வதில் பேர்போன ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்திலிருந்து கைத்தொழிலாளர்களை அங்கே வரவழைத்திருந்தார்கள். அவர்களோடு சேர்ந்து ஜென்க்ஸ் வேலை செய்தார். 'ஜோசப் ஜென்க்ஸ் என்னைச் செய்தார், ஹவுன்ஸ்லோ' என்று அவர் பெயர் வெட்டிய வாள் ஒன்று இன்றும் இருக்கிறது. தன் பெயரை வாளில் வெட்டும் அளவுக்கு அவர் தேர்ந்த கைக்காரர் என்பதை அது சொல்கிறது.

வாள் செய்யத் தெரிந்தவருக்கு என்ன தெரியும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பின்னால் அது முக்கியமாகிறது. அந்தக் காலத்தில் எஃகு விலை அதிகம், தேனிரும்பு மலிவு. தேனிரும்பு வளையும், உடையாது, ஆனால் கூர் நிற்காது. எஃகு கூர் பிடிக்கும், ஆனால் பதம் தப்பினால் நொறுங்கிவிடும். அதனால் அரிவாளோ கோடாலியோ செய்யும் கொல்லர், உடலைத் தேனிரும்பில் அடித்து, வெட்டும் விளிம்பில் மட்டும் எஃகுப் பட்டை வைத்து, இரண்டையும் வெண்மையாகும் வரை காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து ஒட்டவைப்பார். பிறகு சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பார். தோய்த்த எஃகு கண்ணாடி மாதிரி உடையும். அதை மறுபடி மெதுவாகச் சூடு காட்டுவார். அப்போது தேய்த்து வெளுத்த விளிம்பில் நிறங்கள் ஓடும்: முதலில் வைக்கோல் மஞ்சள், அப்புறம் பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். எந்தக் கருவிக்கு எந்த நிறத்தில் நிறுத்த வேண்டும் என்பதுதான் வித்தை. வெப்பமானி இல்லாத காலம். கண்தான் அளவுகோல். அதனால்தான் கொல்லர் பட்டறைகள் பெரும்பாலும் அரை இருட்டாகவே இருந்தன. வெயில் அடித்தால் காய்ந்து ஒளிரும் இரும்பின் நிறம் தெரியாது.

1627இல் ஜோன் ஹேர்ன் என்ற பெண்ணை ஜென்க்ஸ் மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். அவனுக்கும் ஜோசப் என்றே பெயர் வைத்தார்கள். சில ஆண்டுகளில் ஜோன் இறந்துபோனார். ஒரு சிறு மகளும் இறந்தாள். இந்தச் சாவுகளுக்குப் பிறகு, நாற்பது வயதை ஒட்டிய நேரத்தில், மனிதர் கடல் கடந்துவிட்டார். மகனை இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்தார், பிற்பாடுதான் அவன் வந்து சேர்ந்தான். நாற்பதில் ஒருவர் தொழில், ஊர், பிள்ளை மூன்றையும் விட்டுப் புறப்படுகிறார் என்றால் அதன் பாரம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. பதிவேடு அதைச் சொல்வதில்லை.

முதலில் மேய்ன் கடற்கரையில் இருந்தார். அங்கிருந்து மாசசூசெட்ஸுக்கு வந்தார். 1646 மே மாதம் அங்குள்ள சட்டமன்றம் அவருக்கு ஓர் உரிமை கொடுத்தது. தண்ணீர்ச் சக்கரத்தால் ஓடும் பட்டறை அமைத்து அரிவாள் முதலான கூர்க்கருவிகள் செய்யலாம், 14 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதே மாதிரி செய்யக் கூடாது. இயந்திரத்துக்காக அமெரிக்க மண்ணில் கொடுக்கப்பட்ட மிகப் பழைய காப்புரிமைகளில் ஒன்று இது. அதில் ஒரு நிபந்தனையும் இருந்தது. அந்தக் கருவிகளை வெளியே ஏற்றுமதி செய்வதைத் தடுக்கவும், விலை ஏறினால் கட்டுப்படுத்தவும் மன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எனக்கு இந்த நிபந்தனை மிகவும் பிடிக்கும். உனக்குத் தனி உரிமை தருகிறோம், ஆனால் உழவனை நசுக்க விடமாட்டோம் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள்.

சரி, பட்டறையை எங்கே வைத்தார்? பாஸ்டனுக்கு வடக்கே சாகஸ் ஆற்றங்கரையில், ஹாம்மர்ஸ்மித் என்று அழைக்கப்பட்ட இரும்பாலைக் குடியிருப்பில். அங்கே பெரிய அளவில் ஓர் இரும்பாலை எழுந்துகொண்டிருந்தது. ஆளுநர் வின்த்ராப்பின் மகன் இளைய ஜான் வின்த்ராப் இங்கிலாந்துக்குப் போய்ப் பணக்காரர்களிடம் முதல் திரட்டித் தொடங்கிய கம்பெனி அது. 21 ஆண்டுகளுக்கு இரும்பு உருக்கும் ஏகபோக உரிமை அதன் கையில் இருந்தது. சதுப்பு நிலங்களில் படியும் இரும்புத் தாதுவைத் தோண்டினார்கள். தாதுவிலிருந்து கசடைப் பிரிக்க வேண்டிய சுண்ணாம்புக்கல் கிடைக்காததால் பக்கத்து நஹான்ட் தீபகற்பத்திலிருந்து காப்ரோ என்ற கரும்பாறையைக் கொண்டுவந்து உலையில் போட்டார்கள். காடுகளை வெட்டிக் கரியாக்கினார்கள். 20 அடிக்கும் மேல் உயரமான ஊதுலை, அதற்குத் தண்ணீர்ச் சக்கரம் இயக்கிய ராட்சதத் துருத்திகள். நாளுக்கு ஏறத்தாழ ஒரு டன் வார்ப்பிரும்பு. அதைக் காய்ச்சித் தேனிரும்பாக்க 500 பவுண்டு எடையுள்ள சம்மட்டி. அதைத் தூக்கி அடித்ததும் ஆற்றுத் தண்ணீர்தான். ஆணிக்கு வேண்டிய கம்பிகளைக் கீறி எடுக்கத் தனி ஆலை.

1650இல் டன்பார் என்ற இடத்தில் நடந்த போரில் ஆங்கிலத் தளபதி கிராம்வெல்லின் படை ஸ்காட்லாந்துக்காரர்களைத் தோற்கடித்தது. பிடிபட்ட கைதிகளில் சுமார் 150 பேரை 'யூனிட்டி' என்ற கப்பலில் ஏற்றி மாசசூசெட்ஸுக்கு அனுப்பினார்கள். அவர்களில் 60 பேர் அளவில் சாகஸுக்கு வந்தார்கள். ஆண்டுக்கணக்கில் உழைத்தால் விடுதலை என்ற ஏற்பாடு. மரம் வெட்டியதும் கரி சுட்டதும் பெரும்பாலும் இவர்கள்தான். அமெரிக்க இரும்புத் தொழிலின் பிறப்பைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இந்த இளைஞர்களையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் கருத்து.

இந்தப் பிரம்மாண்டத்துக்கு நடுவில் ஜென்க்ஸ் செய்ததுதான் சாமர்த்தியம். கம்பெனியின் மேலாளர் ரிச்சர்ட் லீடரிடம் பேசி, ஊதுலைச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறும் கழிவு நீரைத் தன் பட்டறைக்குத் திருப்பிக்கொள்ள ஒப்பந்தம் போட்டார். அணை கட்டும் செலவு இல்லை, வாய்க்கால் வெட்டும் செலவும் குறைவு. பக்கத்திலேயே கம்பெனி தயாரிக்கும் இரும்பு. அந்தத் தண்ணீரில் தன் சக்கரங்களை ஓட்டி, சம்மட்டியை அடிக்கவைத்து, சாணையைச் சுழலவைத்து, அரிவாளும் கோடாலியும் செய்தார். 1948 முதல் சில ஆண்டுகள் ரோலண்ட் ராபின்ஸ் என்பவர் அந்த இடத்தைத் தோண்டினார். அந்த 500 பவுண்டுச் சம்மட்டியின் தலை கிடைத்தது. ஜென்க்ஸின் பட்டறை இருந்த இடமும், சக்கரம் சுழன்ற குழியும் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டன. இன்று அந்த இரும்பாலையை மறுபடி கட்டி, தேசியப் பூங்காத் துறை காட்சிக்கு வைத்திருக்கிறது.

இங்கே எஸ்தர் வருகிறாள். பின்னால் வந்துசேர்ந்த மகன் ஜோசப், பல்லார்டு குடும்பத்து எஸ்தரை மணந்தான். தந்தையும் இதற்குள் எலிசபெத் என்பவரை மறுமணம் செய்துகொண்டிருந்தார். சாரா, சாமுவேல், டெபோரா, ஜான், டேனியல் என்று ஐந்து பிள்ளைகள். மூத்தாள் மகன் ஒரு பக்கம் குடும்பம் தொடங்க, இளையாள் குழந்தைகள் இன்னொரு பக்கம் தவழ்ந்துகொண்டிருந்தன. ஹாம்மர்ஸ்மித், கண்டிப்பான மத நெறியில் வாழ்ந்த மற்ற பியூரிட்டன் கிறிஸ்தவர்களின் ஊர்கள் மாதிரி அடங்கிய ஊர் இல்லை. குடித்ததற்கு, திட்டியதற்கு, ஞாயிறு வழிபாட்டுக்குப் போகாததற்கு என்று இரும்பாலை ஆட்கள் அடிக்கடி நீதிமன்றப் படியேறினார்கள். பக்தி மிகுந்த அந்தச் சமூகத்துக்கு இந்தத் தொழிலாளிகள் வேண்டும், ஆனால் அவர்கள் வாழ்ந்த விதம் வேண்டாம். அந்த இழுபறிதான் எஸ்தரின் சரிகை வழக்கிலும் தெரிகிறது.

1655இல் ஜென்க்ஸ் இன்னொரு காப்புரிமை வாங்கினார். 7 ஆண்டுகளுக்கு. புல் அறுக்கும் நீண்ட அரிவாளில் அவர் செய்த மாற்றத்துக்காக. அதுவரை இருந்த அலகு குட்டையாகவும் தடிமனாகவும் கனமாகவும் இருந்தது. ஜென்க்ஸ் அலகை நீட்டினார், மெல்லியதாக்கினார். மெல்லிய அலகு வளைந்துவிடாமல் இருக்க அதன் முதுகில் நீளவாக்கில் ஓர் இரும்புப் பட்டையை ஒட்டவைத்தார். அவ்வளவுதான். வாள் செய்தவரின் கை அதில் தெரிகிறது. மெல்லிய நீண்ட அலகை எப்படி வலுவாக்குவது என்பது ஹவுன்ஸ்லோவில் அவர் தினமும் பார்த்த வேலை.

இந்தச் சின்ன மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை மாசசூசெட்ஸை உள்ளடக்கிய நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் குளிர்காலத்தை வைத்துத்தான் அளக்க வேண்டும். மாதக்கணக்கில் தரையைப் பனி மூடிக்கிடக்கும். மாடுகளுக்கு மேய்ச்சல் இல்லை. கோடையில் அறுத்து உலர்த்திச் சேமித்த புல்தான் தீவனம். கடலோர உவர்சதுப்புகளில் வளரும் புல்லையும் விடமாட்டார்கள். ஆனால் அறுவடைக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான், நடுவில் மழை வந்தால் போச்சு. கூலியாள் கிடைப்பது அரிது. அந்த நிலையில் ஒரே வீச்சில் அகலமாக அறுக்கும் கருவி கையில் இருந்தால் கூடுதலாக ஒரு மாடு குளிர்காலம் தாண்டிப் பிழைக்கும். குழந்தைகளுக்குப் பால் கிடைக்கும். இவ்வளவும் அந்த இரும்புப் பட்டையில் அடங்கியிருந்தது.

இதற்கு ஓராண்டு முன்பு, 1654இல், தீவிபத்துக்குப் பிறகு பாஸ்டன் நகரம் தீயணைக்கத் தண்ணீர் கொண்டுசெல்லும் கருவிகளுக்கு ஜென்க்ஸோடு பேசிக்கொள்ளும்படி தன் நிர்வாகிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. ஊருக்கு ஒரு சிக்கல் என்றால் அவர் பெயர்தான் நினைவுக்கு வந்திருக்கிறது. முதுமையிலும் அவர் ஓயவில்லை. கம்பி இழுக்கும் தொழில் தொடங்க உதவி கேட்டு மனு கொடுத்தார். எழுபதைத் தாண்டிய பிறகு, 1672இல், நாணயம் அடிக்க அனுமதி கேட்டார். மன்றம் மறுத்துவிட்டது.

கம்பெனிக்கு என்ன ஆயிற்று? 1650களின் நடுவிலேயே கடனில் மூழ்கிவிட்டது. கடன்காரர்கள் வழக்குப் போட்டார்கள், சொத்துகள் முடக்கப்பட்டன, மேலாளர்கள் மாறினார்கள், குற்றச்சாட்டுகள் பறந்தன. எப்படியோ இழுத்துக்கொண்டு 1670 வாக்கில் உலை அணைந்துபோனது. அந்த உலையின் கழிவுத் தண்ணீரில் ஓடிய பட்டறையின் கொல்லர் 1683 வரை வாழ்ந்து, அந்த வட்டாரத்திலேயே கண்ணை மூடினார்.

ஏன் இப்படி? என் புரிதலைச் சொல்கிறேன். கம்பெனிக்கு லண்டனில் இருந்த பங்குதாரர்களுக்குக் காட்ட ரொக்க லாபம் வேண்டும். ஆனால் குடியேறிய மக்கள் கையில் ரொக்கம் இல்லை, தானியமும் மாடும் மரமும்தான் இருந்தன. கம்பெனி செய்ததில் பெரும்பகுதி வெறும் இரும்புச் சலாகை. அது யாருக்கும் நேரடியாக உதவாது. கொல்லர் செய்ததோ நாளைக் காலையில் வயலுக்கு எடுத்துப் போகும் அரிவாள். தானியமாகக் கொடுத்தாலும் அவருக்கு அது கூலிதான், வீட்டில் ஐந்து பிள்ளைகள் சாப்பிட வேண்டும். மூலதனத்தை முடக்கலாம், நீதிமன்றம் உலையைக் கைப்பற்றலாம். எந்த நிறத்தில் எஃகை நிறுத்த வேண்டும் என்று தெரிந்த கண்ணை யாரும் ஜப்தி செய்ய முடியாது. தொழில் வரலாற்றில் நாம் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் பக்கங்களில் பாதியையாவது இந்தக் கைகளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி மகனின் கதை. 1660இல் இங்கிலாந்தில் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அடுத்த ஆண்டே இளைய ஜென்க்ஸ் மீது ராஜதுரோகக் குற்றச்சாட்டு வந்தது. மன்னர் இங்கே இருந்தால் தலையை வெட்டுவேன் என்கிற மாதிரி வாய்விட்டார் என்று சாட்சி சொன்னார்கள். தலை போகிற குற்றம். நல்லவேளையாக விடுவிக்கப்பட்டார். முதலாம் சார்லஸ் காலத்து வாள் பட்டறையில் தந்தை வேலை பார்த்தார். அந்த மன்னரின் தலை 1649இல் வெட்டப்பட்டது. அவருடைய மகனின் தலையைப் பற்றிப் பேசியதாகக் கொல்லரின் மகன் மாட்டிக்கொண்டார். ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறைக்குள் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள்.

இதற்குப் பின் இளையவர் மாசசூசெட்ஸில் நீண்ட நாள் தங்கவில்லை. மதக் கட்டுப்பாடு குறைந்த ரோட் ஐலண்டுக்குப் போனார். 1671இல் பிளாக்ஸ்டோன் ஆற்றின் பாட்டக்கெட் அருவி அருகே 60 ஏக்கர் வாங்கினார். உலையும் மர அறுவை ஆலையும் போட்டார். எஸ்தருக்கு அங்கே பெரிய குடும்பம் அமைந்தது, பத்துப் பிள்ளைகள். பாட்டக்கெட் நகரம் அந்த உலையைச் சுற்றித்தான் வளர்ந்தது.

இதில் ஒன்றை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்த அருவி யாரும் இல்லாத இடமாக இருக்கவில்லை. பூர்வகுடி மக்கள் காலங்காலமாக மீன் பிடித்த இடம். கொல்லர் அடித்த கோடாலிதான் அவர்களின் காட்டை வெட்டியது. நிலம் கையை விட்டுப் போகப் போக, 1675இல் வாம்பனோவாக் என்ற பூர்வகுடியின் தலைவர் மெட்டகொமெட் தலைமையில் போர் மூண்டது. 1676இல் ஜென்க்ஸின் உலையும் எரிந்து சாம்பலானது. குடும்பம் திரும்பி வந்து மறுபடி கட்டியது. தோற்ற பூர்வகுடிகளில் பலரை அடிமைகளாகக் கப்பலேற்றி விற்றார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை நேர்மையாக இருக்கும்.

எஸ்தரின் மகன்கள் நால்வரும் பெயர் எடுத்தார்கள். நத்தானியல் படையில் மேஜர். வில்லியம் நீதிபதி. எபனேசர் பிராவிடன்ஸ் நகரின் முதல் பாப்டிஸ்ட் சபைக்குப் போதகர். மூத்தவர், தாத்தா பெயரையே தாங்கிய மூன்றாவது ஜோசப், 1727 முதல் 1732 வரை ரோட் ஐலண்டின் ஆளுநர். ஏழடிக்கு மேல் உயரம் என்று அங்கே வழிவழியாகச் சொல்கிறார்கள். 1731இல் 60,000 பவுண்டு காகிதப் பணம் அச்சடிக்கும் மசோதாவை அவர் நிறுத்திவைத்தார். உங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சட்டசபை சண்டைக்கு வந்தது. விவகாரம் லண்டன் வரை போனது. மன்னரின் சட்ட அதிகாரிகளும் ஆளுநருக்கு அந்த அதிகாரம் இல்லை என்றே சொல்லிவிட்டார்கள். அவர் பதவியை விட்டு ஒதுங்கினார். வெள்ளிச் சரிகைக்காக நீதிமன்றம் வரை போன எஸ்தர், மகன் ஆளுநரானதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1717இலேயே காலமாகிவிட்டார்.

பாட்டக்கெட்டில் உலை மட்டும் அணையவில்லை. 1750இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. அமெரிக்கக் குடியேற்றங்கள் இரும்பை உருக்கி அனுப்பலாம், ஆனால் புதிதாகக் கம்பி கீறும் ஆலையோ, தகடு அடிக்கும் பட்டறையோ, எஃகு உலையோ வைக்கக் கூடாது. கச்சாப்பொருள் உங்களுடையது, கருவி எங்களுடையது என்ற கணக்கு. கொல்லர் குடும்பங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. விடுதலைப் போர் வந்தபோது ஸ்டீபன் ஜென்க்ஸ் என்ற வாரிசு துப்பாக்கி செய்துகொடுத்தார்.

போர் முடிந்து 1790இல் சாமுவேல் ஸ்லேட்டர் என்ற இளைஞர் பாட்டக்கெட்டுக்கு வந்தார். இங்கிலாந்தின் பஞ்சாலை இயந்திரங்களின் அமைப்பை மனதில் ஏற்றிக்கொண்டு வந்தவர். வரைபடம் கையில் இல்லை. இரும்பில் எதைச் சொன்னாலும் செய்துகொடுக்கும் ஆட்கள் அவருக்கு வேண்டியிருந்தது. நூறாண்டுக்கு மேலாக உலை எரிந்த அந்த ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆசியல் வில்கின்சன் என்ற கொல்லரின் குடும்பம் இயந்திர பாகங்களைச் செய்துகொடுத்தது. கொல்லரின் மகள் ஹன்னாவையே ஸ்லேட்டர் மணந்துகொண்டார். ஹன்னாவின் அண்ணன் டேவிட் பின்னாளில் திருகு வெட்டும் கடைசல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1793இல் அருவியோரத்தில் எழுந்த ஸ்லேட்டரின் பஞ்சாலை இன்றும் அங்கே நிற்கிறது. அதன் சக்கரத்தைச் சுற்றியதும் ஜென்க்ஸ் மகன் தேடி வந்து நிலம் வாங்கிய அதே ஆற்றுத் தண்ணீர்தான்.

நன்றி. வணக்கம்.